வாக்குக் கேட்க வரும் பெற்றோர் எதைப் பேச வேண்டும்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல்களும் உள்ளூர்க் கல்விக் கொள்கையும்

ஓர் ஊரின் அரசுப் பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்ல அந்த ஊரின் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதும், அந்த உரிமையைச் செலுத்துவதற்காகவே ஈராண்டுக்கு ஒருமுறை அவர்கள் தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் தமிழகத்தில் இன்னும் போதுமான அளவுக்கு உணரப்படவில்லை. 2022-இலும் 2024-இலும் மாநிலத்தின் அனைத்து அரசுப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, பெரம்பலூர் மாவட்டத்தின் 4 ஒன்றியங்களிலும் அரியலூர் மாவட்டத்தின் 6 ஒன்றியங்களிலும் உள்ள பெற்றோர் பள்ளி வளாகங்களில் கூடித் தலைவர்களையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தனர். ஆயினும் பெரும்பாலான இடங்களில் அந்தத் தேர்வு ஒரு முற்பகலுக்குள் ஒருமனதாக முடிந்துவிடுவதே வழக்கமாக இருப்பதால், பொறுப்புக்கு வருபவர் பள்ளியைப் பற்றி என்ன கருதுகிறார், எதை மாற்ற விரும்புகிறார், எதற்காக யாரிடம் வாதாடுவார் என்பது வாக்களிப்பவர்களுக்குத் தெரியாமலேயே போகிறது. கொள்கையைப் பேசாத தேர்தல் ஆளைத் தருமே தவிர, அவர் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற பொறுப்பைத் தருவதில்லை. 2024 ஆகஸ்டில் அமைந்த குழுக்களின் ஈராண்டுக் காலம் 2026-இல் முடிகிறது என்பதால், இந்தக் குறையைப் பற்றி இரு மாவட்டங்களும் இப்போதே சிந்திக்க வேண்டியுள்ளது.

போர்டு பள்ளியிலிருந்து ஒன்றியப் பள்ளி வரை

உள்ளூர் மக்கள் பள்ளியை நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் பரிந்துரைத்ததையும், 1884-இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி வாரியங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டதையும் தொடர்ந்து, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு ஆகியவை பள்ளிகளைத் திறந்து நடத்தின. அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகளாக இருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களிலும் போர்டு பள்ளிகளின் வழியாகவே பொதுக்கல்வி கிராமங்களுக்குள் நுழைந்தது. 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், கல்விக்கென்று தனி வரி விதிக்கும் வாய்ப்பைக்கூட உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தது.

காமராசர் ஆட்சிக்காலத்தில் நிறைவேறிய 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது, ஜில்லா போர்டுகளின் தொடக்கப் பள்ளிகள் அந்த ஒன்றியங்களிடம் வந்தன. இன்றளவும் இரு மாவட்டங்களின் பெரும்பாலான அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் இருப்பதற்கு இதுவே காரணம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் தளவாடமும் தந்து பள்ளியைத் தங்கள் பொறுப்பாக ஏற்க முடியும் என்பதை அதே காலத்தில் மெய்ப்பித்தன.

உள்ளூர் ஆட்சிக்கு மற்றொரு முகமும் இருந்தது. ஒன்றியத்தின் கையில் நியமனமும் இடமாறுதலும் இருந்த காலத்தில், உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களின் விருப்பு வெறுப்புக்கு ஆசிரியர்கள் ஆளாக நேர்ந்தது என்பதும், அரசு ஊழியர் என்ற பாதுகாப்பைக் கேட்டு அவர்கள் நீண்டகாலம் போராடினார்கள் என்பதும் மறக்கக் கூடாதவை. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டபோது அந்தக் கோரிக்கை நிறைவேறியது. ஆனால் ஆசிரியரைக் காக்க வேண்டியிருந்த அந்தச் சீர்திருத்தத்தோடு, பள்ளியைப் பற்றிய முடிவுகளில் ஊருக்கு இருந்த பங்கும் பெருமளவுக்கு நீங்கியது. கட்டடம் ஒன்றியத்திடமும் ஆசிரியர் கல்வித் துறையிடமும் இருக்க, குழந்தையை அனுப்பும் பெற்றோர் இரண்டுக்கும் வெளியே நின்றனர்.

சட்டம் தந்த இடம்

அந்தப் பெற்றோரை மீண்டும் உள்ளே அழைத்து வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கேற்ற இடம் தரப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. தமிழகத்தில் 20 பேரைக் கொண்டிருந்த இக்குழு 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக விரிவாக்கப்பட்டது. தலைவர் பெற்றோர்களிலிருந்தே வர வேண்டும். கூட்டத்தை ஒருங்கிணைப்பது தலைமை ஆசிரியரின் பொறுப்பு.

குழுவின் உண்மையான வலிமை 22-ஆம் பிரிவில் இருக்கிறது. பள்ளிக்கு அடுத்து வரும் ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் தேவை, எந்தக் கட்டடமும் கருவியும் வேண்டும், அவற்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கிட்டு எழுதும் ஆவணமே பள்ளி வளர்ச்சித் திட்டம். அந்தத் திட்டத்தைக் குழு தயாரிக்க வேண்டும் என்பதோடு, அரசோ உள்ளாட்சி அமைப்போ பள்ளிக்கு ஒதுக்கும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படையாக அமைய வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. பெற்றோர் எழுதிய தாளிலிருந்து அரசின் ஒதுக்கீடு தொடங்க வேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால் நடைமுறையில் ஒதுக்கீடு சென்னையிலிருந்தும் டில்லியிலிருந்தும் தலைப்பு வாரியாக இறங்கி வருவதும், குழுவின் தீர்மானங்கள் செல்பேசிச் செயலியில் பதிவேற்றப்பட்டபின் அவற்றின் கதி என்ன என்பது தெளிவாகாமல் நிற்பதும் சட்டத்தின் நோக்கத்தைத் தலைகீழாக்குகின்றன.

ஆகவே வேட்பாளராக முன்வரும் பெற்றோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது அதிகாரத்தின் அடுக்குகளை. இருமொழிக் கொள்கை, பொதுத்தேர்வு முறை போன்றவை 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின் வழியாகச் சென்னையில் முடிவாகின்றன. ஆசிரியர் பணியிட நிர்ணயம் கல்வித் துறையின் கையில் இருக்கிறது. கட்டடமும் சுற்றுச்சுவரும் ஒன்றியத்தின் பொறுப்பு. மானியச் செலவைக் கண்காணிப்பதும், தேவையைத் திட்டமாக எழுதுவதும், ஆசிரியர் வருகையையும் கற்றலின் நிலையையும் கேட்டறிவதும் குழுவின் நேரடி உரிமைகள். இந்த எல்லைகளை அறிந்து பேசும் வேட்பாளரின் வாக்குறுதியைத்தான் பின்னர் உரைத்துப் பார்க்க முடியும்.

முதலிடத்துக்கு அப்பால்

இரு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கியவை என்று நெடுங்காலம் கருதப்பட்டவை. பெண்களின் எழுத்தறிவு தாழ்ந்திருந்த மாவட்டங்களுக்கென்று 1990-களில் கொண்டுவரப்பட்ட மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், அன்று அரியலூரையும் உள்ளடக்கியிருந்த பெரம்பலூர் மாவட்டம் இடம்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது பெரம்பலூரில் அது 74.32 விழுக்காடாகவும், அரியலூரில் 71.34 விழுக்காடாகவும் இருந்தது.

இந்தப் பின்னணியில் அண்மைக்காலத் தேர்வு முடிவுகள் வியப்பூட்டுபவை. 2022-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.95 விழுக்காட்டுடன் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்விலும் 97.67 விழுக்காட்டுடன் அதே மாவட்டம் முதலிடத்தில் நின்றது. 2024-இன் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.31 விழுக்காட்டுடனும், 2025-இன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 98.82 விழுக்காட்டுடனும் அரியலூர் முதலிடத்தைப் பிடித்தது. கூலி வேலைக்கும் மானாவாரி விவசாயத்துக்கும் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளைக் கொண்டு இச்சாதனையை நிகழ்த்திய ஆசிரியர்களின் உழைப்பு மனமாரப் போற்றத்தக்கது.

எனினும் தேர்ச்சி விழுக்காடு ஒரு பள்ளியின் முழுக்கதையையும் சொல்வதில்லை. அது தேர்வு எழுதியவர்களுள் தேறியவர்களைக் கணக்கிடுகிறதே தவிர, தேர்வுவரை வந்து சேராமல் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றவர்களைக் கணக்கில் கொள்வதில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தை தடையின்றிப் படிக்கிறதா என்பதையும் அது காட்டாது. தேர்ச்சிக்குப் பின்னால் எந்தக் கல்லூரியின் கதவு திறக்கிறது என்ற கேள்வியும் அதற்கு வெளியே நிற்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும் நீட் தேர்வின் காரணமாக மருத்துவ இடம் கிடைக்காமல் 2017-இல் உயிர் துறந்ததை அறிந்த மாவட்டத்துக்கு, மதிப்பெண்ணுக்கும் வாய்ப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே குழுவுக்குப் போட்டியிடுபவர் முதலிடத்தைப் பெருமையாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், இடைநின்ற குழந்தைகளின் பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, வீடு வீடாகச் சென்று காரணம் அறிந்து, அதைக் குழுக் கூட்டத்தில் வைப்பேன் என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்

உள்ளூர்க் கல்விக் கொள்கையின் மிகக் கடினமான கேள்வி சிறிய பள்ளிகளைப் பற்றியது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை இருந்தால் மூவர். இதனால் சிற்றூர்ப் பள்ளி பலவற்றில் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். ஒன்று முதல் மூன்று வரையிலான குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்திருக்க, அவர்களை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கிறது. அரும்பு நிலையிலுள்ள குழந்தைக்கு எழுத்தை அறிமுகப்படுத்திக்கொண்டே மலர் நிலையிலுள்ள குழந்தைக்குப் பத்தி வாசிக்கத் தர வேண்டிய ஆசிரியர், இடையில் கல்வித் துறையின் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸ் இணையதளத்தில் விவரங்களையும் பதிவேற்றுகிறார். தலைமை ஆசிரியர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்கோ அலுவலகப் பணிக்கோ சென்றுவிட்டால், ஐந்து வகுப்பும் மீதமிருக்கும் ஒருவரிடம் வந்துவிடும்.

இதைக் கண்ணால் காணும் பெற்றோர், காலையில் ஊருக்குள் வந்து நிற்கும் மெட்ரிக் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது; குறைந்த எண்ணிக்கையைக் காரணங்காட்டி ஆசிரியர் பணியிடம் குறைகிறது; பணியிடம் குறைந்ததைக் கண்டு மேலும் சிலர் வெளியேறுகிறார்கள். முடிவில் பள்ளியை அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கலாம் என்ற பேச்சு எழுகிறது. வேன் கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துக் குழந்தைக்கு இது வழி அடைபடுவதாகும். அரியலூர், செந்துறை வட்டாரச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடும்போது, ஆறு வயதுக் குழந்தை அடுத்த ஊருக்கு நடந்து செல்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்ற விதியின் அருமை இத்தகைய சாலைகளின் ஓரத்தில்தான் விளங்கும்.

இப்பொருளில் வேட்பாளர் தன் நிலையைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது நீண்டகாலக் கோரிக்கை. அது மாநில அரசு எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அதற்கு முன்பாகவே ஊரின் ஐந்து வயதுக் குழந்தைகளை அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுத்து, அவர்களின் பெற்றோரிடம் பேசி, வரக்கூடிய சேர்க்கையைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஆதாரத்தோடு காட்டி, கூடுதல் பணியிடம் கேட்பது குழுவால் இயலும். காலியிடம் நிரப்பப்படும் வரை இடைக்கால ஏற்பாடு வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துவழி கேட்பதும் அதன் உரிமையே.

பணம் எங்கே இருக்கிறது

கழிப்பறை ஒன்றை எடுத்துக்கொண்டால் பள்ளி நிர்வாகத்தின் சிக்கல் முழுவதும் விளங்கும். கட்டடத்தை ஒன்றியம் கட்டித் தருகிறது. தண்ணீர் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வருகிறது. தூய்மைப் பணியாளரின் ஊதியம் ஊரக வளர்ச்சித் துறையின் வழியாக வழங்கப்படுகிறது. பினாயிலும் துடைப்பமும் பள்ளி மானியத்தில் வாங்கப்படுகின்றன. மோட்டார் பழுதானால் கல்வித் துறை ஒன்றியத்தையும் ஒன்றியம் ஊராட்சியையும் சுட்ட, பெண் குழந்தைகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். இந்த மூன்று அலுவலகங்களையும் ஒரே மேசையில் அமர்த்தக் கூடியது, தாய்மார்கள் பாதியாக இருக்கும் மேலாண்மைக் குழுவே.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்பது மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் வழங்கப்படும் தொகை. சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் விதிப்படி 30 பேர் வரை பயிலும் பள்ளிக்கு 10,000 ரூபாயும், 31 முதல் 100 பேர் வரை பயிலும் பள்ளிக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 பேர் வரை பயிலும் பள்ளிக்கு 50,000 ரூபாயும் கிடைக்க வேண்டும். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குச் செலவிடப்பட வேண்டும். இந்தத் தொகை எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்பதைப் பள்ளியின் வெளிச்சுவரில் எழுதி வைப்பேன் என்பது எளிய வாக்குறுதியானாலும் ஆழ்ந்த விளைவுடையது. அதே சமயத்தில், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழகத்துக்கு விடுவிக்காமல் நிறுத்தியது போன்ற நிகழ்வுகள், டில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான பிணக்கின் சுமை கடைசியில் சிற்றூர் வகுப்பறையின் மீது வந்து விழுவதைக் காட்டுகின்றன என்பதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரியலூருக்கு வேறொரு நிதி ஆதாரமும் உண்டு. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களை எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையோடு அதன் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளின் நலனுக்கான இந்நிதியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவிட வேண்டும் என்று அப்போதைய வழிகாட்டுதல் வகுத்தது. புழுதியையும் லாரிப் போக்குவரத்தையும் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளின் ஆபத்தையும் தாங்கும் ஊர்களின் பள்ளிகளுக்கு அந்நிதியின் மீது நியாயமான உரிமை இருக்கிறது. சுற்றுச்சுவருக்கும் அறிவியல் ஆய்வகத்துக்கும் நிறுவனங்களின் நன்கொடையை எதிர்பார்த்து நிற்பதைவிட, வளர்ச்சித் திட்டத்தில் எழுதி, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் அறக்கட்டளையிடம் உரிமையாகக் கேட்பது குழுவுக்குப் பெருமை சேர்க்கும்.

மண்ணில் இருக்கும் பாடம்

பாடத்திட்டம் சென்னையில் எழுதப்படுவதால், கற்பிப்பதைப் பற்றி உள்ளூர் வேட்பாளர் பேச ஒன்றுமில்லை என்று நினைப்பது தவறு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதும் 18 மீட்டர் நீளமுள்ளதுமான கல்மரம் கிடக்கிறது. அரியலூர் வாரணவாசியில் கடலுயிர்ப் புதைபடிவங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-இல் உலகளவில் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரம் உலகப் பாரம்பரியச் சின்னம். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் இத்தனை சான்றுகள் ஒரே நிலப்பரப்பில் அமைந்திருக்க, அவற்றை நேரில் காணாமலேயே ஒரு மாணவர் பத்தாம் வகுப்பைக் கடப்பது பெரும் இழப்பு. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளி மாணவரும் இந்நான்கு இடங்களையும் ஆசிரியருடன் ஒருமுறையாவது காண வேண்டும் என்பதை வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பதற்கு எந்த விதியும் தடையில்லை.

யார் நிற்க முடியும்

கொள்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைப் பேச வேண்டியவர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் பயனில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூடும் குழுவுக்கு, பருத்தி எடுப்புக்கோ வெங்காய நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ சென்ற தாய் கூலியை இழந்துதான் வர முடியும். காலனியிலிருந்து வரும் பெற்றோர் ஊர்ப் பெரியவர்களின் முன்னால் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்கத் தயங்கும் நிலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. விகிதாசார இடம் தாளில் நிரம்பினாலும் குரல் நிரம்பாமல் போகும் ஆபத்து இதில் இருக்கிறது. கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றுவது, வருகைக்கு ஈட்டுத்தொகை தருவது, தீர்மானங்களைக் கையெழுத்துக்கு முன்னர் உரக்க வாசிப்பது ஆகிய மூன்றும் வேட்பாளர்கள் கோர வேண்டிய அடிப்படை மாற்றங்கள்.

இத்துடன், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றதையும் கருத வேண்டும். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்குரிய இடத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது, ஊரின் சார்பில் கேள்வி கேட்கும் பொறுப்பு பெற்றோர் உறுப்பினர்கள் மீதே கூடுதலாக விழுகிறது.

அரசு செய்ய வேண்டியது

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி வாரியத்துக்குப் போட்டியிடுபவர்கள் வரி, பாடநூல், ஆசிரியர் ஊதியம் ஆகியவற்றைப் பற்றிப் பொது மேடையில் வாதிட்டு வாக்குக் கேட்கிறார்கள். அண்டை மாநிலமான கேரளம் 1990-களின் நடுவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைத்தது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் பள்ளிக்கல்வியை ஊராட்சிகளுக்குத் தரத்தக்க பொருள்களின் பட்டியலில் வைத்திருந்தும், தமிழகம் அந்த வழியில் செல்லவில்லை. நியமனமும் இடமாறுதலும் உள்ளூர் அரசியலுக்குத் திரும்பக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அந்த எச்சரிக்கை, திட்டமிடும் உரிமையையும் செலவைக் கேட்கும் உரிமையையும் மறுப்பதற்குக் காரணமாகாது.

இதற்காகப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் வேட்பாளர்கள் பெற்றோர் முன்னிலையில் தங்கள் கருத்தைச் சொல்ல ஒரு கூட்டம் நடத்தப்பட வேண்டும். குழு நிறைவேற்றும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஏற்பு அல்லது காரணத்துடன் கூடிய மறுப்பு எழுத்தில் வர வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தேர்வில் மாநிலத்துக்கே வழிகாட்டிய இரு மாவட்டங்கள் இதையும் முதலில் செய்து காட்ட முடியும்; அதற்கான ஆசிரியர்களும் பெற்றோரும் அங்கே இருக்கிறார்கள். 2026-இல் பள்ளி வளாகத்தில் கூடும் பெற்றோர், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பாக, எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்கத் தொடங்கினாலே அந்தத் தேர்தல் தன் கடமையில் பாதியை நிறைவேற்றிவிடும். மறுபாதி, அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை அடுத்த ஈராண்டும் மாதந்தோறும் நினைவூட்டுவதில் இருக்கிறது.